சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் நீட்டிய கை

மாசாணத்தின் படம் வாரப் பத்திரிகையில் வந்தபோது எங்கள் பவுண்டரியில் அதை முதலில் பார்த்தவன் நான். அவரிடம் கொண்டுபோய்க் காட்டியவனும் நான். காட்டாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சிங்காநல்லூரில் பம்புசெட்டுக்கு வார்ப்பு ஊற்றித் தருகிற அந்தப் பவுண்டரியில் நான் டைம்கீப்பர். ஆட்கள் உள்ளே வருகிற நேரத்தையும் வெளியே போகிற நேரத்தையும் எழுதுவதுதான் வேலை. நடுவில் கிடக்கிற எட்டு மணி நேரத்தைப் பத்திரிகை படித்தே ஓட்டினேன். மாசாணம் அங்கே மோல்டிங் ஆள். பெட்டியில் மணலை இடித்து அச்சு எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பதிமூன்று வருஷத்தில் ஒருநாள்கூட லேட்டாக வந்ததில்லை. எட்டு மணி ஷிஃப்டுக்கு ஏழே முக்காலுக்கே வந்து கேட்டுக்கு வெளியே நிற்பார். உள்ளே வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்காரச் சொன்னால் "இருக்கட்டுங்க" என்பார். இதை அடக்கம் என்று நினைத்து நான் பலபேரிடம் மெச்சிப் பேசியிருக்கிறேன். எனக்கு அவ்வளவுதான் விவரம்.

சொந்த ஊர் சோமனூருக்குப் பக்கம். ஊர்ப் பேர் வேண்டாம். ஊருக்கு வெளியே தள்ளி இருக்கிற வளவில் பிறந்தவர். எட்டு வயதில் ஒரு கவுண்டர் தோட்டத்துக்கு மாடு மேய்க்கப் போனார். பிறகு ஏர் பிடித்தார், பாத்தி கட்டினார், அங்கிருந்தபடியே பாப்பாயியைக் கல்யாணம் செய்துகொண்டார். தோட்டத்துக்காரர் மகன் திருமூர்த்திக்கும் இவருக்கும் ஒரே வயது. சின்ன வயதில் இரண்டு பேரும் சோளக்காட்டில் கண்ணி வைத்துக் காடை பிடித்திருக்கிறார்கள். வளர வளர அவர் முதலாளியாகி 'பண்ணாடி' ஆகிவிட்டார், இவர் 'டேய் மாசாணா'வாகவே இருந்தார். எண்பத்திரண்டில் கிணறு வற்றி, தோட்டத்தில் வேலை இல்லாமல் போனதும், மனைவியையும் ஆறு வயது மகள் பொற்கொடியையும் கூட்டிக்கொண்டு சிங்காநல்லூருக்கு வந்தார். வந்த வாரமே எங்கள் பவுண்டரியில் சேர்ந்துவிட்டார்.

பொற்கொடி நன்றாகப் படித்த பெண். பன்னிரண்டாவது முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். தொண்ணூற்றைந்து ஆடி மாதம், கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போன வேன் கவிழ்ந்தது. அவளுக்குப் பத்தொன்பது வயது. மாசாணத்தின் பேருக்கு நேராக நான் முதல்முறையாக 'வரவில்லை' என்று எழுதினேன். அப்படிப் பதினாறு நாள் எழுதினேன். பதினேழாம் நாள் ஏழே முக்காலுக்கு அதே இடத்தில் வந்து நின்றார். நான் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அடுத்த தை மாதம்தான் அந்தப் பத்திரிகை வந்தது. அரைப்பக்கத்துக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பஸ் ஸ்டாண்டு, பின்னால் ஒரு பஸ் கலங்கலாக நகர்கிறது. வெள்ளை வேட்டி சட்டை போட்ட ஒருவர் இரண்டு கையையும் சேர்த்து முன்னால் நீட்டியிருக்கிறார். எதிரில் அழுக்குக் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் தன்னுடைய இரண்டு கையையும் அதன்மேல் வைத்திருக்கிறார். இரண்டு பேரும் தலையைக் குனிந்திருப்பதால் முகம் பாதிதான் தெரிகிறது. 'இந்த இருவருக்கும் இடையில் நடப்பது என்ன? கதையாக எழுதி அனுப்புங்கள். சிறந்த கதைக்குப் பரிசு' என்று போட்டிருந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில் 'படம்: அருண்குமார், கோவை.'

காக்கிச் சட்டைக்காரரின் வலது மணிக்கட்டில் இரும்புக்குழம்பு தெறித்த தழும்பு இருந்தது. விபத்து ரிஜிஸ்தரில் அதை எழுதியவனே நான்தான். மாசாணம் என்று உடனே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். நாற்பதடி தள்ளி மணலில் குந்தியிருந்த மனுஷனிடம் போய் "இது என்ன?" என்று கேட்காமல், பேப்பரை எடுத்து வைத்து நானே ஒரு கதை எழுதினேன். நொடித்துப்போன பணக்காரர், பழைய வேலைக்காரனிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்கிறார் என்று கதை. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. நடந்தே போய்த் தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.

அப்புறம்தான் சாப்பாட்டு நேரத்தில் படத்தைக் கொண்டுபோனேன். அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். உலைக்காரர், மாசாணம் எங்கே கைரேகை பார்க்கக் கற்றுக்கொண்டது என்றார். கிரைண்டிங் பகுதி ஆள் ஒருவர், எலெக்‌ஷன் வருகிறதல்லவா, கைக்குள் ஏதோ கைமாறுகிறது என்றார். மாசாணம் டிபன் கேரியரை மூடி ஓரமாக வைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பத்திரிகையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். மற்றவர்கள் எழுந்து போன பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்.

"எம்புள்ளைக்குக் கை குடுத்தாருங்க. எங்க பண்ணாடி."

எனக்குப் பிடரியில் அடித்த மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்தில் துக்கம் கேட்கப் போகிற ஆண்கள் வாயால் ஒன்றும் கேட்பதில்லை. இரண்டு கையையும் சேர்த்து நீட்டுவார்கள். துக்க வீட்டுக்காரர் தன் இரண்டு கையையும் அதன்மேல் வைத்து எடுப்பார். கை கொடுப்பது என்று அதற்குப் பேர். நான் நூறு வீட்டில் கை கொடுத்திருப்பேன். என் அப்பா செத்தபோது வரிசையில் நின்று இருநூறு பேர் கையைத் தொட்டிருக்கிறேன். அப்படி இருந்தும் படத்தில் அதைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு அந்த வழக்கம் தெரியாது, சரி. எங்களுக்கு ஏன் தெரியவில்லை என்றால், தோட்டத்துக்காரர் வளவு ஆளுக்குக் கை கொடுத்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கூலியைக்கூட மேலே இருந்து கீழே இருக்கிற கைக்குள் போடுவார்கள். நடக்காது என்று மனசில் எழுதி வைத்திருப்பதைக் கண்ணெதிரே காட்டினாலும் கண் எடுத்துக்கொள்வதில்லை.

நடந்ததை மாசாணம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பொற்கொடி போன அன்றைக்கே தோட்டத்துக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஐந்து வயதில் அவளைத் தேள் கொட்டியபோது, திருமூர்த்திதான் தூக்கிச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துச் சோமனூர் டாக்டரிடம் கொண்டுபோனார். அந்தப் பாசத்துக்கு வருவார் என்று எதிர்பார்த்திருக்கிறார். வரவில்லை. இருபது நாள் கழித்து பஸ் ஸ்டாண்டில், பல்லடம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த திருமூர்த்தியைத் தற்செயலாகப் பார்த்தார். மாசாணம் ஒதுங்கிப் போகப் பார்த்தபோது அவரே கிட்டே வந்து, சுற்றும் பார்த்துவிட்டு, கையை நீட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் யாரோ கேமராவோடு நின்றது இரண்டு பேருக்கும் தெரியாது.

வீட்டில் போய்ச் சொன்னபோது பாப்பாயி நம்பவில்லை. தன்னைத் தேற்றுவதற்காகக் கதை கட்டுகிறார் என்றே நினைத்திருக்கிறாள். பண்ணாடியாவது கை கொடுப்பதாவது என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பத்திரிகையை நான் மாசாணத்துக்கே கொடுத்துவிட்டேன். மறுநாள் ஏழே முக்காலுக்கு நின்ற ஆளின் முகத்தில் வேறு ஒரு தெளிவு இருந்தது. பாப்பாயி படத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள், பிறகு எழுந்து குளித்துவிட்டு வயிறு நிறையச் சாப்பிட்டாள் என்றார். ஆடிக்குப் பிறகு அவள் அப்படிச் சாப்பிட்டது அன்றைக்குத்தானாம்.

அதோடு விட்டிருந்தால் எல்லாரும் நன்றாக இருந்திருப்போம். மாசியில் பரிசுக்கதைகள் வந்தன. என் கதை வரவில்லை. இரண்டாம் பரிசு, பிரிந்துபோன அண்ணன் தம்பி பஸ் ஸ்டாண்டில் சேருகிற கதை. முதல் பரிசு வாங்கிய கதையில், தோட்டத்து வீட்டில் சங்கிலி திருடிக்கொண்டு ஓடிப்போன வேலைக்காரன் பல வருஷம் கழித்து முதலாளியைப் பார்த்து, சங்கிலியைக் கையில் வைத்து மன்னிப்புக் கேட்கிறான். பக்கத்திலேயே மாசாணத்தின் படம். கதையை எழுதிய ஆசாமி நன்றாகத்தான் எழுதியிருந்தார், அதுதான் வினை. பவுண்டரியில் ஒவ்வொருவனாக வந்து, சங்கிலி எத்தனை பவுன் மாசாணா என்று கேட்டான். விளையாட்டுக்குத்தான் கேட்டார்கள். ஆனால் பாப்பாயி குடத்தோடு தண்ணீருக்குப் போன இடத்தில் ஒருத்தி நிஜமாகவே கேட்டுவிட்டாள்.

மாசாணம் என்னிடம் வந்து, இதைச் சரிசெய்ய வழி இருக்கிறதா என்றார். பதிமூன்று வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி அதுதான். நான் துள்ளிக் குதித்து முன்னால் நின்றேன். நேராக ஆர்.எஸ்.புரத்துக்கு அழைத்துப் போய் அருண்குமாரைப் பிடித்தோம். நல்ல பையன்தான், நகைக்கடைக்காரர் வீடு, வயது இருபத்தைந்து இருக்கும். எங்களை உட்காரவைத்து மரியாதையாகப் பேசினான். தெருவில் யாரையும் நிறுத்தி நிற்கவைத்து எடுப்பதில்லை, கேட்டால் முகம் மாறிவிடும், அதனால் தெரியாமல்தான் எடுப்பேன் என்றான். ஒவ்வொருவரும் அவரவர் கதையைப் பார்க்கிறார்களே, அதுதான் படத்தின் வெற்றி என்றும் சொன்னான். எனக்கு ஆத்திரம் வந்தது. படத்தில் இருப்பவருக்கும் ஒரு கதை இருக்குமே தம்பி, அது எந்தப் பக்கத்தில் வரும் என்று கேட்டேன். அவன் முகம் சுருங்கிப்போனது. அப்புறம் பத்திரிகைக்குப் போன் போட்டுப் பேசினான். உண்மையைப் போடுகிறோம், ஆனால் படத்தில் இருக்கிற இன்னொருவரும் ஆமாம் என்று ஒரு வரி எழுதித் தரவேண்டும் என்றார்களாம்.

ஒரு வரிதானே என்று எனக்குத் தோன்றியது. மாசாணம் யோசித்தார். பண்ணாடிக்குச் சங்கடமாக இருக்குமே என்றார். நான்தான் விடவில்லை. நல்ல காரியம் செய்தவருக்கு அதைச் சொல்ல என்ன சங்கடம், பெருமைதானே என்று பேசிப் பேசி அவரைக் கரைத்தேன். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருமூர்த்தியின் தோட்டத்துக்குப் பஸ் ஏறினோம்.

போன நேரம் அப்படி. திருமூர்த்தியின் மகள் லோகப்பிரியாவுக்குக் கல்யாணம் பேசி முடித்து, மாப்பிள்ளையின் அப்பா மருதாசலம் காங்கேயத்திலிருந்து உறவுக்காரர்கள் நாலைந்து பேரோடு வந்திருந்தார். வீட்டு முன்கூடத்தில், ஆசாரத்தில், பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் யார், என்ன என்று விசாரித்துவிட்டு என்னை உள்ளே வரச் சொல்லி நாற்காலி போட்டார்கள். எவர்சில்வர் டம்ளரில் காப்பி வந்தது. மாசாணம் வாசலில், துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வெயிலில் நின்றார். பவுண்டரி கேட்டுக்கு வெளியே அவர் நின்ற நிற்பு எங்கிருந்து வந்ததென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கிய பிறகும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. காப்பியைக் குடித்தேன்.

நான் வந்த விஷயத்தைத் தனியாகச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அதற்கு அவசியமே இல்லாமல், மாசாணத்தைப் பார்த்ததும் மருதாசலமே பேச்சை எடுத்தார். எங்கேயோ பார்த்த ஆளாக இருக்கிறதே என்றவர், காலையில் அங்கே தான் புரட்டிப் பார்த்த அந்தப் பத்திரிகையை உள்ளேயிருந்து எடுத்துவரச் சொன்னார். அந்த வீட்டிலும் ஒரு பிரதி இருந்திருக்கிறது. படத்தையும் மாசாணத்தையும் திருமூர்த்தியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி கேட்டார்.

"ஏனுங்க மச்சான், இது கை குடுக்கற மாதிரியல்லங்க இருக்குது?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் ஆசாரத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை. திருமூர்த்தி நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். மாசாணமும் அவரைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் எனக்கு நம்பிக்கை இருந்தது, அதை மறைக்கவில்லை. மாசாணத்துக்கும் இருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, வரிசையில் பேர் கூப்பிடப்போகிறார்கள் என்று நிற்கிற குழந்தை முகம்.

"அட, அதெங்க," என்றார் திருமூர்த்தி. "பஸ்ஸுக்கு நிக்கறப்ப வாட்ச்சு கழண்டு உழுந்துபோச்சுங்க. இவன் பார்த்து எடுத்துக் குடுத்தான். அதைப் போயி எவனோ படம் புடிச்சுப்போட்டான்." பிறகு வாசலைப் பார்த்து, குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "ஏன்டா மாசாணா, அப்படித்தானே?" என்றார்.

பத்திரிகை மருதாசலத்தின் மடியில் விரிந்து கிடந்தது. நான் குனிந்து பார்த்தேன். படத்தில், நீட்டிய கையின் இடது மணிக்கட்டில், பட்டை இறுக்கிக் கட்டின வாட்ச் பளிச்சென்று தெரிந்தது. விரல் வைத்துக் காட்டினால் போதும். அந்த ஆசாரத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கண் இருந்தது, ஒருவரும் பார்க்கவில்லை. வாட்ச் கதை அவர்களுக்கு வேண்டியிருந்தது. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை, நான் பார்த்துவிட்டேன், பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. பாயில் இருந்தவர்களின் வேட்டி சட்டையும், கையில் இருந்த டம்ளரும், வெளியூரில் எதற்கு வம்பு என்ற என் புத்தியும் சேர்ந்து என் வாயைக் கட்டிப்போட்டன. இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் கோபம் குறையவில்லை.

தென்னைமரத்தில் அணில் ஒன்று கத்திக்கொண்டே இருந்தது. திருமூர்த்தி இன்னொரு தடவை "சொல்றா" என்றார். இந்தமுறை குரல் தாழ்ந்திருந்தது, கிட்டத்தட்ட கெஞ்சலாக இருந்தது. மற்றவர்களுக்கு அது அதட்டலாகக் கேட்டிருக்கும்.

"ஆமாங்க பண்ணாடி," என்றார் மாசாணம். "வாட்ச்சுதானுங்க."

ஆசாரம் முழுக்க இளகிவிட்டது. மருதாசலம், இந்தக் காலத்திலும் இப்படி நாணயமான ஆளா என்று பாராட்டி, மோர் கொடுக்கச் சொன்னார். தனியாக வைத்திருந்த அலுமினிய லோட்டாவில் மோர் வந்தது. மாசாணம் அதை வாங்கிக் குடித்து, தொட்டித் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வாரனுங்க" என்றார். திருமூர்த்தி தலையாட்டினாரே ஒழிய எழுந்து வாசல்வரைக்கும் வரவில்லை. நான் எதற்கு வந்தேன் என்று கடைசிவரை யாரும் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கருமத்தம்பட்டிக்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. வாட்ச் கையிலேயே இருக்கிறது, படமே சாட்சி, அருண்குமாரிடம் சொல்லிப் பெரிதாக்கி அச்சுப் போடச் சொல்லலாம், அந்த ஆளின் பொய்யை ஊரெல்லாம் பார்க்கட்டும் என்று படபடவென்று பேசினேன். ஆசாரத்தில் வராத வீரம் எல்லாம் பஸ்ஸில் வந்தது. மாசாணம் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். திருமூர்த்தி இப்படிச் செய்வார் என்று நினைத்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். வேனில் போன பிள்ளையை வெள்ளைத்துணி சுற்றிக் கொண்டுவந்தபோதுகூட இத்தனை கூசிப்போகவில்லை என்றார். அப்போது தன்மேல் தப்பு இல்லை, இப்போது இருக்கிறது என்றார்.

அவர்மேல் என்ன தப்பு என்று நான் அடித்துப் பேசினேன். அத்தனை பேர் நடுவில் வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்றேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

"அவரு இல்லீன்னு சொன்னதுகூடப் பரவால்லீங்க. அவரு ஊட்டுக் கல்யாணம், அவருக்குப் பயம்," என்றார் மாசாணம். "எம்புள்ளைக்குக் கெடச்சது அந்த ஒரு கைதானுங்க. அதை எம்பட வாயாலயே இல்லீன்னு சொல்லிப்போட்டேன். இனி பாப்பாயிகிட்டப் போயி என்னன்னுங்க சொல்லுவேன்?"

சிங்காநல்லூரில் இறங்கி, எதிரெதிர்த் திசையில் நடந்தோம். மறுநாள் காலை எட்டு மணி ஆகியும் கேட்டுக்கு வெளியே யாரும் இல்லை. எட்டேகாலுக்கு, அவர் பேருக்கு நேராக நான் 'வரவில்லை' என்று எழுதினேன்.